தனியார் கல்லூரிக்கு அரசுப் பணம் எதற்கு?

அரசுக் கல்லூரிகளிலேயே கட்டடம் ஒழுகும்போது, மக்கள் வரிப்பணத்தைத் தனியார் கல்லூரிகளுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். பிறகு அங்கேயே சுயநிதிப் பிரிவில், அதாவது அரசு உதவி இல்லாமல் மாணவர் கட்டணத்திலேயே நடக்கும் பிரிவில், சில ஆண்டுகள் பாடமும் எடுத்தேன். என் பதில்: கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும். இப்போது கொடுக்கும் லட்சணத்தில்தான் எனக்குக் கோபம்.

முதலில், அந்தப் பணம் எங்கே போகிறது? தமிழ்நாட்டில் உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரிகள் சுமார் 160 இருக்கின்றன. பொறியியலில் மதுரை தியாகராஜர், கோவை பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. என்று மூன்றுதான். நிலமும் கட்டடமும் நிர்வாகத்துடையவை. அரசு தருவதில் பெரும்பங்கு, அனுமதித்த பணியிடங்களில் இருப்பவர்களின் சம்பளம். அதனால்தான் எய்டட், அதாவது அரசு உதவி பெறும் பாடப்பிரிவில் கட்டணம் குறைவு. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை பட்டம் வாங்க அந்தச் சம்பள மானியம்தான் வழி.

இந்த ஏற்பாடு பழையது. ஆங்கிலேயர் காலத்தில், 1854-இல் வந்த வுட் கல்வி அறிக்கையே தனியார் பள்ளி, கல்லூரிகளுக்கு மானியம் தரச் சொன்னது. அரசு ஊர் ஊராகக் கல்லூரி கட்டுவதற்கு முன்பே மிஷன்களும் அறக்கட்டளைகளும் கட்டிவிட்டன; பாளையங்கோட்டை தூய சவேரியார் 1923, திருச்சி ஜமால் முகமது 1951. அரசுப் பணம் வாங்கினால் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. உதவி பெறும் நிறுவனத்தில் மதம், சாதி, மொழியை மட்டும் காரணம் காட்டி யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 29-வது பிரிவு. மானியத்தை நிறுத்தினால் அந்தப் பிடியும் தளர்ந்துவிடும்.

சரி, கோபம் எதில்? எங்கள் துறையில் காலையில் எய்டட், மதியம் சுயநிதி. அதே ஆய்வகம், அதே பியூரெட், அதே பாடத்திட்டம். மதியம் வரும் பிள்ளை மட்டும் பல மடங்கு கட்டணம் கட்டும். ஆசிரியர் அறையில் இரண்டு வருகைப் பதிவேடுகள் கிடக்கும். ஒன்றில் கையெழுத்துப் போடுபவருக்கு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விகிதச் சம்பளம். ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரின் ஆரம்ப அடிப்படை ஊதியமே 57,700 ரூபாய். மற்றதில் கையெழுத்துப் போட்ட எனக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. எய்டட் ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவர் இடம் நிரப்பப்படவே இல்லை. அவருடைய வகுப்புகளை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஓய்வு பெறுபவர்களின் இடங்களை இப்படியே காலியாக விட்டால், உத்தரவு எதுவும் போடாமலே மானியம் கரைந்துவிடும். கல்லூரியின் பெயர்ப்பலகையில் மட்டும் ‘அரசு உதவி பெறும்’ என்று இருக்கும்.

2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகச் சட்டத்திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, இதனால்தான் எனக்குப் பதற்றம். உதவி பெறும் கல்லூரிகளே தனியார் பல்கலைக்கழகங்களாக மாற அது வழிவிடும் என்று ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. அரசும் மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தது. பல பத்தாண்டுகள் அரசு சம்பளத்தில் வளர்ந்த கல்லூரியை ஒரே நாளில் முழுத் தனியாராக்குவது எந்த வகையில் நியாயம்?

இன்னொரு வகைப் பணமும் உண்டு. முதல் பட்டதாரி சலுகை, ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடங்களின் கட்டணம் எல்லாம் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் போகின்றன. மாணவர் பெயரில் வருவதால் இதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். பணம் வரத் தாமதமானால் மாணவனை அலுவலக வாசலில் நிற்க வைக்கும் வழக்கத்தை மட்டும் அரசு தடுத்தாக வேண்டும்.

என்னைக் கேட்டால், காலி இடங்களை நிரப்பட்டும். நீண்ட காலமாக நடக்கும் சுயநிதி வகுப்புகளை ஒவ்வொன்றாக எய்டட் ஆக்கட்டும். எந்தக் கல்லூரியில் எத்தனை பணியிடம், எத்தனை காலி என்று இணையத்தில் போடட்டும்.

அப்புறம், வீட்டில் யாருக்காவது இந்த வருடம் இடம் தேடுகிறீர்கள் என்றால் ‘எய்டட் கல்லூரிதானே’ என்று கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நீங்கள் கேட்கும் பாடப்பிரிவு எய்டட்டா, சுயநிதியா என்று விண்ணப்பம் வாங்கும்போதே கேளுங்கள்.