குயின்ஸ்லாந்தின் மெலனோமா கணக்கு நமக்கும் பொருந்துமா?

கேள்வி: பிரிஸ்பேனுக்குக் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உலகிலேயே இந்தப் பக்கம்தான் அதிகம் என்கிறார்கள். மாநிறத்தவர்களான நாங்களும் தினமும் சன்ஸ்கிரீன் பூச வேண்டுமா? மாமனாரின் உள்ளங்காலில் சில மாதங்களாக ஒரு கறுப்புத் திட்டு இருக்கிறது. "ஏதாவது குத்தியிருக்கும், விடும்மா" என்கிறார்.

பதில்: முதலில் மாமனாரை ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) அழைத்துப் போங்கள், இந்த வாரமே. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 70 பேருக்கு மெலனோமா கண்டறியப்படுகிறது. இந்தியாவில் லட்சத்துக்கு ஒருவர்கூட இல்லை. வெயில் மட்டுமே காரணம் என்றால் ராமநாதபுரம் அல்லவா முந்தியிருக்க வேண்டும்! பிரிட்டன், அயர்லாந்து வழிவந்த வெளிர்தோல் மக்கள் கடும் புற ஊதாக் கதிரின் கீழ் வாழ்வதால் வந்த எண்ணிக்கை அது. உங்கள் குடும்பத்துக்கான அபாயம் அதில் மிகச் சிறு பங்குதான். பிரிஸ்பேனுக்கு வடக்கே நாம்பூர் என்ற ஊரில் 1992-இல் 1,621 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப் பேர் தினமும் சன்ஸ்கிரீன் பூசினார்கள், மீதிப் பேர் விருப்பம்போல. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 11 பேருக்கும் மற்றதில் 22 பேருக்கும் மெலனோமா வந்திருந்தது. நல்ல ஆய்வுதான், ஆனால் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெளிர்தோல்காரர்கள்.

நல்ல கருநிறத் தோலுக்கு அன்றாடம் சன்ஸ்கிரீன் அவசியமில்லை என்பதுதான் இப்போது ஆஸ்திரேலிய நிபுணர்களின் நிலைப்பாடு. கடற்கரை, கிரிக்கெட் என்று மணிக்கணக்கில் வெளியே இருக்கும் நாளில் பூசுங்கள். மாநிறம் நடுவில் வருவது. வெயிலில் எளிதில் கன்றுகிற தோல் என்றால், புற ஊதாக் கதிரின் வலுவைச் சொல்லும் குறியீடு (UV Index) 3 அல்லது அதற்கு மேல் போகும் நாட்களில் பூசுவதே நல்லது. தொப்பி எல்லோருக்கும் உண்டு. வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்தால் நம்மவர்களுக்கு வைட்டமின் டி குறைபாடுதான் வந்து சேரும். எனக்கு அதில்தான் கவலை அதிகம்.

சரி, உள்ளங்காலுக்கு வருவோம். உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களில் வரும் ஒருவகை மெலனோமா உண்டு. அதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை, எனவே சன்ஸ்கிரீன் தடுக்காது. எல்லா நிறத்தவருக்கும் அரிதாகவே வரும். நமக்கு மற்ற வகைகள் இன்னும் அரிது என்பதால், கருநிறத்தவரின் மெலனோமாவில் இதன் பங்கு பெரிது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தின் கீழ் வந்தது இதுதான். 1981-இல் 36 வயதில் இறந்தார். நம் நிறத்தில் யாரும் சந்தேகப்படாததால் தாமதமாகவே கண்டுபிடிக்கிறார்கள். தாமதம் என்றால் தோலுக்குள் மெலனோமாவின் தடிமன் கூடுகிறது: ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும்.

மாமனாரைப் பயமுறுத்த வேண்டாம். கருநிறத்தவருக்கு உள்ளங்காலில் சாதாரண மச்சம் இருப்பது சகஜம்; உறைந்த ரத்தமாகவும் இருக்கலாம். ஆனால் புதிதாக வந்த திட்டு, மாதக்கணக்கில் ஆறாமல் இருப்பது, ஓரம் ஒழுங்கில்லாமல் பரவுவது எல்லாம் பார்க்க வேண்டிய அறிகுறிகள். இன்றே பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுங்கள். வெறும் கண்ணால் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று ஜிபி சொன்னால், டெர்மட்டோஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதிலும் சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவருக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பயாப்சி (சிறிது சதை எடுத்துச் சோதிப்பது) தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.