மனதை லேசாக்கும் இளையோர் காதல் கிராஃபிக் நாவல் எது?

நோய், சாவு, துரோகம் எதுவும் இல்லாமல் சிரித்துக்கொண்டே படிக்க ஒரு காதல் சித்திரக்கதை கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் 'பம்ப்கின்ஹெட்ஸ்' என்பேன். 2019இல் வந்தது. கதை ரெயின்போ ரோவெல், படம் ஃபெய்த் எரின் ஹிக்ஸ், வண்ணம் சாரா ஸ்டெர்ன்.

களம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா. இலையுதிர் காலம் வந்தால் அங்கே பரங்கிக்காய்த் தோட்டங்கள் திருவிழா மைதானம் போல ஆகிவிடும். வைக்கோல் வண்டிச் சவாரி, சோளக்கொல்லைக்குள் வழி தேடும் விளையாட்டு, வரிசையாகத் தின்பண்டக் கடைகள். டேஜாவும் ஜோசையாவும் பள்ளி இறுதி ஆண்டு மாணவர்கள். வருடாவருடம் அந்தச் சீசனுக்கு மட்டும் ஒரே கடையில் நின்று வேலை பார்க்கும் நண்பர்கள். இது கடைசி வருடம், ஹாலோவீன் என்ற அக்டோபர் கடைசி நாள் கொண்டாட்ட இரவு, கடைசி ஷிஃப்ட். ஃபட்ஜ் என்ற இனிப்பு விற்கும் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை ஜோசையா வருடக்கணக்காகத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி, பேசியதில்லை. இன்றைக்கு அவளிடம் பேசியே ஆகவேண்டும் என்று டேஜா அவனைக் கடையை விட்டு இழுத்துக்கொண்டு கிளம்புகிறாள். அவ்வளவுதான் கதை. வழியெல்லாம் டேஜாவுக்குத் தின்பண்டம், நடுவே தப்பி ஓடும் ஓர் ஆடு.

முடிவைச் சீக்கிரமே யூகித்துவிடுவீர்கள். எனக்கு அதுதான் பிடித்தது. இதையே எழுத்து நாவலாகப் படித்தால் 'அவன் கவனிக்கவில்லை' என்று ஆசிரியர் ஒரு வரி எழுதியாக வேண்டும், எழுதிய உடனே பாதி சுகம் போய்விடும். படத்தில் இரண்டு பேரும் ஒரே கட்டத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவன் கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருக்க, நாம் அவன் பக்கத்தில் நடப்பவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்துக்குப் பக்கம் நமக்குத்தான் தவிப்பு கூடுகிறது. ஹிக்ஸ் வரையும் முகங்களைப் பாருங்கள், ஒரு புருவம் லேசாக ஏறினாலே போதும். இரண்டாவது முறை படித்தபோது வசனம் எழுதிய பலூன்களை விட்டுவிட்டு முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன், கதை அப்படியே புரிந்தது.

வண்ணத்தையும் சொல்லவேண்டும். புத்தகத்தில் ஆரஞ்சும் பழுப்பும் மஞ்சளும்தான் அதிகம். பொழுது இருட்டிக்கொண்டே போக, சீசன் முடியப்போகிறது என்ற ஏக்கம் நம்மையும் ஒட்டிக்கொள்கிறது. லேசான கதை என்றால் உள்ளே ஒன்றும் இருக்காது என்று நினைப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நாளையிலிருந்து இந்த நட்புக்கு ஓர் இடம் இல்லை என்ற பயம் சிரிப்புக்கு அடியில் ஓடுகிறது, அதனால்தான் சிரிப்பும் நிற்கிறது.

அக்கா மகளுக்குப் பதினைந்து வயது. அவளிடம் கொடுத்தேன். ஒரே மூச்சில் முடித்துவிட்டு வந்து, "சீசன் முடிஞ்சா என்ன சித்தி, போன்ல பேசிக்குவாங்கதானே?" என்று கேட்டாள். அவ்வளவு ஒட்டிவிட்டார்கள் அந்த இருவரும்.

ஒரே இரவுக் கதை போதாது, நீளமாக வேண்டும் என்றால் ஆலிஸ் ஓஸ்மனின் 'ஹார்ட்ஸ்டாப்பர்' இருக்கிறது. 2016இல் இணையக் காமிக்ஸாகத் தொடங்கிப் பல பாகங்கள் வந்த, இரண்டு பள்ளிப் பையன்களின் காதல். முதல் இரண்டு பாகங்கள் நீங்கள் கேட்ட மாதிரியே இருக்கும். பின்னால் உணவுக் கோளாறு, மனநலச் சிகிச்சை எல்லாம் வரும். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் இப்போது உங்களுக்குச் சிரிப்பு மட்டும் போதும் என்றால் அந்தப் பாகங்களை அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள்.