ரிப்போர்ட்டின் இரண்டாவது வரி

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம். கட்டியில் பி.டி.எல்.1 என்ற புரதத்தின் அளவு 60 சதவீதம், இம்யூனோதெரபி (எதிர்ப்புச் சக்தியை நோய்மீது ஏவும் சிகிச்சை) நன்றாகக் கேட்கும் என்றார்கள். பெம்ப்ரோலிசுமாப் என்ற அந்த மருந்து நான்கு ஊசி போட்டும் கட்டி வளர்ந்துவிட்டது. மரபணு ரிப்போர்ட்டில் முதல் வரி கே-ராஸ் மரபணுவில் ஜி12சி என்ற மாற்றம், அடுத்தது எஸ்.டி.கே.11 மரபணுவில் பழுது. அப்பாவுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையா? சாப்பாட்டில் நாங்கள் கோட்டை விட்டுவிட்டோமா?
- ஒரு வாசகி

பதில்: இல்லவே இல்லை. உங்கள் சமையலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காரணம் அந்த இரண்டாவது வரியில் இருக்கிறது.

கட்டியைத் தாக்கும் வெள்ளணுக்களான டி செல்களைப் பிடித்து நிறுத்தும் பி.டி.1 என்ற பிரேக்கைத்தான் பெம்ப்ரோலிசுமாப் விடுவிக்கிறது. எஸ்.டி.கே.11 பழுதான கட்டிக்குள் டி செல்களே அதிகம் நுழைவதில்லை. வண்டியே இல்லாத இடத்தில் பிரேக்கை விடுவித்து என்ன பயன்? 2018-ல் வந்த ஆய்வில், கே-ராஸோடு இந்தப் பழுதும் இருந்தவர்களில் 100-க்கு 7 பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. எஸ்.டி.கே.11-க்குப் பதில் டி.பி.53 என்ற வேறொரு மரபணு பழுதானவர்களில் 35 பேருக்குச் சுருங்கியது. அதற்கு முன்பெல்லாம் நானும் அந்த வரியைப் படித்துவிட்டுக் கடந்து போனவன்தான். ஒரு பள்ளி ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். அவருக்கும் பி.டி.எல்.1 அதிகம், மூன்றே மாதத்தில் நோய் முற்றிவிட்டது. இன்றும் மனசு கனக்கிறது.

சரி, வழி உண்டா? சி.டி.எல்.ஏ.4 என்று இன்னொரு பிரேக் இருக்கிறது. எஸ்.டி.கே.11 அல்லது கீப்1 என்ற இன்னொரு மரபணு பழுதான கட்டியுள்ள எலிகளில் இரண்டையும் சேர்த்து விடுவித்தபோது, உதவி டி செல்கள் எழுந்து, கட்டிக்குள் இருந்த மற்ற வெள்ளணுக்களையும் அதற்கு எதிராகத் திருப்பின. 2024-ல் வெளியான அந்த முடிவு எனக்குப் பெரிய நம்பிக்கை தந்தது. இந்த இரண்டு பிரேக்கையும் விடுவிக்கும் டர்வலுமாப், ட்ரெமெலிமுமாப் மருந்துகள், கீமோ மூன்றும் சேர்ந்த சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2022 நவம்பரிலேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அது முதல் சிகிச்சையாகத் தருவது. பெம்ப்ரோலிசுமாப் தோற்ற பிறகு அதே பலனை எதிர்பார்க்க இப்போதைக்கு ஆதாரம் போதாது.

அப்பாவுக்குக் கைகொடுக்கக்கூடியது முதல் வரி. ஜி12சி-க்கென்றே சோட்டோராசிப், அடாக்ராசிப் போன்ற மாத்திரைகள் உண்டு. முதல் சிகிச்சை தோற்றவர்களுக்குத் தருவது. உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். அப்புறம், கடைசி ஊசி போட்ட தேதியை மறக்காமல் சொல்லுங்கள். இம்யூனோதெரபி முடிந்த சூட்டோடு சோட்டோராசிப் தொடங்கினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கலாம். எத்தனை வாரம் பொறுப்பது, கல்லீரல் ரத்தப் பரிசோதனை எப்போதெல்லாம் எடுப்பது என்பதை மாத்திரையைத் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.