கதையே இல்லாத நவீன பாலே நடனத்தை எப்படி ரசிப்பது? நடன அமைப்பாளர் யிரி கிலியானின் படைப்புகளில் எதை முதலில் பார்க்கலாம்?

'பெத்தீத் மோர்' பாருங்க. இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மொசார்ட் இறந்து 200 ஆண்டு ஆனதையொட்டி, 1991-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கலை விழாவுக்காகக் கிலியான் அமைத்த நடனம் அது.

ஆறு ஆண்கள், ஆறு பெண்கள், ஆறு மெல்லிய வாள்கள். தொடக்கத்தில் இசை கிடையாது. வாள் காற்றைக் கிழிக்கும் 'விஷ்க்' சத்தம் மட்டும்தான். நான் ஈரோட்டுப் பக்கம் வள்ளி கும்மி பார்த்து வளர்ந்தவன். அத்தனை பேர் கையும் ஒன்றாகத் தட்டி விழும்போது உடம்பு சிலிர்க்குமே, அதே சிலிர்ப்பு எனக்கு இங்கேயும் வந்தது. ஆடுகிறவர்களே தாளமும் போடுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டால் கதை எங்கே என்று தேடத் தோன்றாது.

அப்புறம் ஒரு பெரிய பட்டுத்துணி மேடையையே மூடி விலகும். மொசார்ட்டின் பியானோ கான்செர்ட்டோக்களில் (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசை) மெதுவான பகுதிகளுக்கு ஜோடிகள் ஆடுவார்கள். பெண்ணைத் தூக்குவதைவிட, இறக்குவதைக் கவனியுங்கள். அவள் கால் தரையைத் தொடுவதற்குள் அடுத்த அசைவு தொடங்கியிருக்கும். எது எங்கே முடிந்தது என்று பிரிக்கவே முடியாது. கிலியானின் கைவண்ணம் அந்த இடத்தில்தான் என்பேன். நடுவே பெண்கள் பழங்காலக் கருப்புக் கவுன்களோடு வருவார்கள். சட்டென்று அவர்கள் விலக, விறைப்பான கவுன் மட்டும் சக்கரத்தில் தனியே உருளும்!

கிலியான் பிராக் நகரில் 1947-இல் பிறந்தவர். 1975 முதல் 1999 வரை நெதர்லாந்து நடன அரங்கின் கலை இயக்குநர். அங்கே 1991-இல், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கென்றே தனிக்குழு ஒன்று தொடங்கினார். பாலேயில் அந்த வயதுக்குள் பெரும்பாலோர் மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள். நம் ஊர்க் கும்மி அரங்கேற்றத்தில் பாட்டியும் பேத்தியும் ஒரே வரிசையில் ஆடுவதைப் பார்த்தவனுக்கு, அவர் மேல் தனி மரியாதை வராமல் இருக்குமா?

அடுத்து, செக் இசையமைப்பாளர் யானாச்செக்கின் இசைக்கு 1978-இல் அமைத்த 'சின்ஃபோனியெட்டா'. ஊதுகுழல்கள் முழங்க, மேடையெங்கும் பாய்ச்சல்தான். அதுவும் பிடித்தால் 1983-இன் 'ஸ்டாம்பிங் கிரவுண்ட்'. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் ஆட்டத்தை நேரில் பார்த்த பாதிப்பில் உருவானது. அதன் முதல் பகுதியை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்; காலால் மிதிப்பதும் உடம்பில் தட்டுவதும் அப்போதுதான் தெளிவாகக் கேட்கும்.