தூண்டிலா, வீச்சுவலையா: குளத்தில் எதை முதலில் பழகுவது?

களுவாஞ்சிகுடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மகனுக்கு 12 வயது. ஞாயிறுகளில் அவனோடு உன்னிச்சைக் குளத்துக்குப் போக யோசனை. தூண்டில் சின்னப்பிள்ளை வேலை, வலை வீசத் தெரிந்தவன்தான் மீன்பிடிகாரன் என்கிறான் மச்சான். எதில் தொடங்குவது?"

மச்சான் சொல்வதில் பாதி சரி. வீச்சுவலையை மடித்துத் தோளில் ஏற்றி, இடுப்பைச் சுழற்றி விடும்போது அது வட்டமாய் விரிந்து விழவேண்டும். என் வலை வாழைக்காய் மாதிரி நீளமாய் விழுந்த காலமும் உண்டு. ஆனாலும் அது கைப்பழக்கம்தான். முற்றத்தில் விடாமல் வீசினால் வந்துவிடும். குளத்தில் சிக்கல் வேறு. ஆழமான இடத்தில் வலை அடியைத் தொடுமுன் மீன் நழுவிவிடும். அடியில் கிடக்கும் பட்டமரக் குற்றியில் மாட்டினால் கழற்ற இறங்கவேண்டும், எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது. வலைக்கு ஏற்றது ஆழமில்லாத வெட்டைத் தண்ணீர்.

மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி தண்ணீரில் கட்டிவிடும் செவுள் வலைக்குக் கைத்திறன் குறைவு. இராவில் மீன் எப்பக்கம் நகரும் என்ற அறிவுதான் அதில் முதல். அது அனுமதிப்பத்திரத்தோடு செய்யும் தொழில், வலைக்கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்காரர் நமக்கு வேண்டாம்.

தூண்டிலுக்கு வருவோம். மிதப்புக் கட்டி, மண்புழுவோ பாண் உருண்டையோ குத்திப் போட்டால் முதல் நாளே திலாப்பியா கிடைக்கும். 1952இல் இலங்கைக்கு வந்த மீன் அது, இன்று குளத்துக்குக் குளம் அதுதான். வாய் சிறிது, ஆகவே சின்னக் கொக்கி. மிதப்பு துடிக்கும்போது இழுத்தால் வெறும் கொக்கிதான் வரும். பக்கவாட்டில் நகர்ந்து அமிழும்போது இழுக்கவேண்டும். கரையோரம் தட்டுப்போல் வட்டக் குழிகள் தெரிந்தால் அவை ஆண் மீன் தோண்டிய கூடுகள். வாயில் முட்டை வைத்திருக்கும் பெண் மீன் இரை தின்னாது. இதையெல்லாம் பார்க்கப் பழகுவதுதான் மகனுக்கு உண்மையான பாடம். பெரும்பாலானோர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

என் கணக்கில் ஆகக் கடினம் விரால். அது காற்றைக் குடிக்க மேலே வரும் மீன், சல்வீனியா என்ற மிதக்கும் களைக்கும் ஆம்பல் இலைக்கும் இடையில் ஒரு குமிழி உடையும். அந்தக் குமிழியின் மேல் போடாதீர்கள், சற்று அப்பால் போட்டுத் தவளைப் பொம்மையை மெல்ல இழுத்து வாருங்கள். அடித்ததும் கை தானாக இழுக்கப் பார்க்கும். இரண்டு எண்ணும்வரை பொறுக்கவேண்டும். எனக்கு அந்தப் பொறுமை வர இரண்டு மாரி எடுத்தது. வலைக்காரர் பலர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள், உங்கள் மச்சானையும் ஒருநாள் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

ஆகவே ஒரு வருடம் மிதப்புத் தூண்டில், பிறகு விரால். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றும் பெரிய விராலை மட்டும் விட்டுவிடுங்கள். நீர் விளிம்பில் குந்தியிருக்கவும் வேண்டாம், அணைக்கட்டில் தள்ளி நின்று போடுங்கள். போகுமுன் குளத்து மீனவர் சங்கத்தாரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் முதலை ஏறுகிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.