கோடையில் மூன்று மாதக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா? மாமியார் வற்புறுத்துகிறார்

வேண்டாம். ஆறு மாதம் முடியும்வரை ஒரு சொட்டுக்கூட வேண்டாம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். அக்னி நட்சத்திரமே ஆனாலும் அடிக்கடி பால் கொடுத்தால் போதும்.

மாமியாரைக் குறை சொல்லியிருக்கிறீர்கள். என் வீட்டில் சங்கைக் கையில் எடுத்தது என்னைப் பெற்ற அம்மா. மாமியார் என்றால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நான் நர்ஸ். பிரசவ வார்டில் ஏழு வருடம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சேனை வைக்கத் தேனோடு வந்த தாத்தாவை வெளியே அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவள், மூத்தவனைப் பெற்று சிவகாசியில் அம்மா வீட்டில் கிடந்தபோது, சித்திரை வெயிலில் அம்மா வெந்நீரை ஆற்றிப் புகட்டுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். "உங்க மூணு பேரையும் இப்படித்தான் வளர்த்தேன். செத்தா போயிட்டீங்க?" தையல் வலி, தூக்கம் கிடையாது. சரி, ரெண்டு சங்கு தண்ணிதானே என்று விட்டுவிட்டேன்.

தண்ணீர் குடித்த வயிறு பால் கேட்காது. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். "உனக்குப் பால் பத்தலை" என்று வந்தவர்கள் சொன்ன பேச்சு கொஞ்ச நாளில் உண்மையாகவே ஆனது. பவுடர் டப்பா வந்தது. இரண்டாம் மாதம் வயிற்றுப்போக்கு, மூன்று நாள் டிரிப்ஸ். என்னோடு படித்தவள்தான் ஊசி போட்டாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இளையவள் பிறந்தபோது அம்மாவிடம் வாதமே செய்யவில்லை. "ஒரு நாளைக்கு ஆறு துணிக்குக் குறையாமல் நனைத்தால் பால் போதும்மா, நீயே எண்ணிக்கோ" என்றேன். முதல் நாள் கொடியில் 11. மறுநாளும் எண்ணினார். நான்காம் நாள் சங்கு அலமாரிக்குப் போய்விட்டது.

"பால் சுரக்காதவர்கள் என்ன செய்வது?" என்று யாராவது கிளம்புவீர்கள். அவர்களை நான் சொல்லவில்லை. குறைமாதக் குழந்தை, உடம்பு முடியாத அம்மா, அதெல்லாம் டாக்டர் பார்த்து முடிவு செய்வது. பவுடர் கொடுத்தவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதையும் இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்று 2017-இல் சட்டத்தையே திருத்தினார்கள். தாய்ப்பால் வாரத்துக்கு என்னைச் சுவரொட்டி ஒட்டவைத்த தனியார் மருத்துவமனை, இளையவளுக்கு மூன்று மாதம் ஆவதற்குள் கூப்பிட்டது. "ஆள் இல்லை சிஸ்டர்." பாத்ரூமில் நின்று பீய்ச்சி, ஃபிரிட்ஜில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். அம்மா அலமாரியிலிருந்து அதே சங்கை இறக்கி, வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்து, என் பாலைப் புகட்டினார்.

நீங்கள் பகலில் டயாப்பரை விட்டுவிட்டுத் துணி கட்டுங்கள். மாமியாரையே எண்ண விடுங்கள்.