அக்குளில் வெட்டும் ஸ்வெட்டர் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

முன்பக்கம், பின்பக்கம், கைகள் என்று தனித்தனியாகப் பின்னிக் கடைசியில் சேர்த்துத் தைத்தே பழகியவள் நான். அந்தத் தையல் வேலைதான் எனக்கு ஆகவே ஆகாது. அதனால் இந்த முறை கழுத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் ராக்லன் ஸ்வெட்டரை எடுத்தேன் (கழுத்திலிருந்து அக்குள்வரை சாய்கோட்டில் கையும் உடம்பும் சேருமே, அது). “அப்பப்போ போட்டுப் பார்த்துக்கலாம், கணக்கே வேண்டாம்” என்றார்கள். பேட்டர்னில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை என்று இருந்தது. மாதிரித் துண்டைக் கழுவிக் காயவைத்துக் கண்ணியை அளந்தேன், சரியாக 22. மார்புச் சுற்றளவும் சொன்னபடி 100 செ.மீ. வருகிறது. ஆனால் போட்டால் அக்குளில் வெட்டுகிறது, கழுத்துப்பட்டி இழுபடுகிறது. கைக் கண்ணிகளைத் தனி நூலில் நிறுத்திப் பிரித்து, உடம்பில் நாலு விரல் இறங்கிவிட்டேன். நூலும் கணக்காகத்தான் இருக்கிறது. அவிழ்க்கத்தான் வேண்டுமா? இந்தப் புது முறை உண்மையிலேயே சுலபமா? மாதிரித் துண்டை ஸ்கேலோடு படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவிழ்க்கத்தான் வேண்டும். நாலு விரல்தானே, மனதைக் கல்லாக்கிக்கொண்டு உருவிவிடுங்கள். அதற்கு மேல் கை வைக்க வேண்டியதில்லை.

படத்தில் ஸ்கேலை ஒட்டி எண்ணிப் பார்த்தேன். குறுக்கே 22 கண்ணி, சரி. நெடுக்கே 34 வரிசை. நோவு அங்கேதான் இருக்கிறது. தனித்தனித் துண்டாகப் பின்னும்போது “இத்தனை செ.மீ. வரும்வரை பின்னு” என்பார்கள், நீங்களும் டேப்பை வைத்து அளந்து நிறுத்துவீர்கள். வரிசை கூடினாலும் குறைந்தாலும் பெரிதாகத் தெரியாது. ராக்லனில் அப்படித் தப்பிக்க முடியாது. அங்கே அகலமும் ஆழமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை.

உங்கள் அளவுக்கான பேட்டர்ன் ஏறத்தாழ இப்படி இருக்கும். கழுத்தில் 96 கண்ணி: முன்னே 36, பின்னே 36, கைக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு. நான்கு ராக்லன் கோடுகளின் இருபுறமும் ஒவ்வொன்றாக, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எட்டுக் கண்ணி கூட்டுகிறீர்கள். முன்பக்கம் 36 என்பது 100 ஆக 64 சுற்று ஓட வேண்டும். அக்குளில் பக்கத்துக்கு 10 கண்ணி ஏற்றினால் உடம்புக்கு 220, அதாவது உங்கள் 100 செ.மீ. பேட்டர்ன் எழுதியவர் கையில் அந்த 64 சுற்று 21 செ.மீ.க்கு மேல் வந்திருக்கும். உங்கள் கையில் 19 செ.மீ.கூட வரவில்லை. கண்ணி எண்ணிக்கை வந்ததும் கையைப் பிரித்துவிட்டீர்கள், அக்குள் இன்னும் இரண்டரை செ.மீ. கீழே இருக்கிறது.

ஆகவே அக்குள்வரை உருவி, கைக் கண்ணிகளை நூலிலிருந்து திரும்ப ஊசிக்கு எடுத்து, கூட்டாமல் எட்டுச் சுற்று சும்மா பின்னிவிட்டுப் பிரியுங்கள். ராக்லன் கோட்டின் கடைசியில் சின்னதாக ஒரு நேர்க்கோடு விழும், யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. அடுத்த ஸ்வெட்டரில் இதை முதலிலிருந்தே பரப்பிவிடலாம்: நாலு முறை கூட்டியபின் ஒரு சுற்று கூடுதலாகச் சும்மா விடுங்கள், எட்டும் சரியாக வந்துவிடும். தாராளமாக இருக்கட்டும் என்று பதினைந்து, இருபது சுற்று போட்டுவிடாதீர்கள். அக்குள் ரொம்பக் கீழே இறங்கினால் கையைத் தூக்கும்போது முழு ஸ்வெட்டரும் சேர்ந்து மேலே ஏறும். அதற்கு இப்போதிருப்பதே தேவலை.

இன்னொன்றையும் பாருங்கள். அதே 64 சுற்றில் கை 12-லிருந்து 76 ஆகிறது. அக்குள் 10 சேர்த்தால் 86, அதாவது 39 செ.மீ. மெலிந்த கைக்குத் தொளதொளவென்று இருக்கும். 34 போதுமென்றால் கடைசி ஆறு முறை உடம்பில் மட்டும் கூட்டினால் போதும்.

போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பாதிதான் உண்மை. ஊசியோடு போட்டால் இரண்டு ஊசியையும் இணைக்கும் ஒயர் இழுத்துப் பிடிக்கும், எதுவும் தெரியாது. கண்ணிகளை நீளமான நூலுக்கு மாற்றிவிட்டுப் போட வேண்டும். அப்போதும் கழுவாத ஸ்வெட்டர் ஒன்று சொல்லும், கழுவியது வேறொன்று சொல்லும். மெஷினில் துவைக்கத் தோதாகப் பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளி நூலென்றால் தண்ணீர் பட்டதும் நன்றாகத் தளரும். கணக்கு வேண்டாம் என்று சொல்கிறவர்கள் யாரோ போட்ட கணக்கைப் பின்னுகிறார்கள், அவ்வளவுதான்.

புது முறையெல்லாம் இல்லை. அமெரிக்கப் பின்னல் எழுத்தாளர் பார்பரா வாக்கர் 1972-லேயே மேலிருந்து பின்னுவதற்கென்று தனிப் புத்தகம் எழுதிவிட்டார். சுலபமா என்றால், தையல் வேலை இல்லை. ஆனால் கழுத்து, தோள், அக்குள் என்று உடம்பின் சிக்கலான இடமெல்லாம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். கை பழகுவதற்குள் பாதி முடிவுகளை எடுத்தாக வேண்டும். அப்புறம் கீழே வெறும் குழாய்தான்.

கை பின்ன வரும்போது அக்குளின் இரண்டு மூலையிலும் ஓட்டை விழும். எல்லோருக்கும் விழும். 10 கண்ணி எடுக்க வேண்டிய இடத்தில் மூலைக்கு ஒன்று சேர்த்து 12 எடுங்கள். அடுத்த சுற்றில் அந்தக் கூடுதல் கண்ணியைப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்து ஒன்றாகப் பின்னிவிடுங்கள். ஓட்டை இழுத்து மூடிக்கொள்ளும். மிச்சமிருந்தால் உள்பக்கம் தொங்கும் நூல் நுனியால் ஒரு சுற்று இழுத்து முடிச்சுப் போட்டால் போதும்.

நூல் கணக்காக இருக்கிறது என்றீர்கள். அப்படியானால் உடம்பை முடித்துவிட்டுக் கைக்குப் போகாதீர்கள். அக்குளிலிருந்து ஒரு சாண் இறங்கியதும் உடம்புக் கண்ணிகளை நூலில் நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் முடியுங்கள். பிறகு மீதி நூலில் உடம்பு எவ்வளவு வருகிறதோ அவ்வளவு. கீழ் விளிம்பில் வரும் ரிப்புக்கும் (இழுத்தால் விரியும் பட்டி) கண்ணி அடைக்கவும் மட்டும் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா